படகு வாங்கும் வரை பெட்ரோல்!

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி. பதினோரு மணி இருக்கும். ஹூஸ்டனில் இருந்து அக்கா பையன் போன் செய்தான். அங்கே அப்போது மதியம்.

"மாமா, தூங்கிட்டீங்களா? நான் இங்க வண்டி வாங்கற இடத்துல நிக்கறேன். நீங்க பி.காம்.தானே? அவசரமா ஒரு கணக்கு சொல்லுங்க."

என் பி.காமுக்கு இப்படியொரு மரியாதை கிடைத்துப் பல வருஷம் ஆகிறது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். ஃபோர்டு கம்பெனியின் மேவரிக் என்கிற பிக்கப் டிரக். முன்னால் ஐந்து பேர் உட்காரும் கார்; பின்னால் நாலரை அடிக்குத் திறந்த தொட்டி. பையன் புதிதாக வீடு வாங்கியிருக்கிறான். செடி, மண் மூட்டை, பலகை என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது எதையாவது தூக்கி வர வேண்டியிருக்கிறது. 2024 மாடலில், ஒருவர் ஓட்டி விற்ற வண்டிகள் இரண்டு அங்கே நின்றன. ஒன்று சாதா பெட்ரோல் (அமெரிக்காவில் பெட்ரோலை 'கேஸ்' என்பார்கள், சிலிண்டரை நினைத்துக்கொள்ள வேண்டாம்). இன்னொன்று ஹைபிரிட். அதாவது பெட்ரோல் இன்ஜினும் உண்டு, கூடவே மின்சார மோட்டாரும் உண்டு. பிளக்கில் சொருகி சார்ஜ் போடுகிற வேலை கிடையாது. ஹைபிரிட் 2,000 டாலர் கூடுதல்.

விற்பனையாளர் பையனிடம் தோளில் கை போட்டுச் சொன்னாராம்: "தம்பி, நீ தினமும் ஹைவேயில் போகிறவன். ஹைபிரிட்டால் லாபம் எல்லாம் ஊருக்குள் ஓட்டுபவனுக்குத்தான். ஹைவேயில் ரெண்டும் ஒண்ணு. நீ கூடுதலாகக் கொடுக்கிற 2,000 டாலர் திரும்பி வரவே வராது. நாளைக்கே ஒரு படகு வாங்கினால், அதை இழுக்கவும் அந்த ஹைபிரிட்டுக்குத் தெம்பு இல்லை. பேசாமல் பெட்ரோலை எடு."

இந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூடப் பச்சைப் பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். முழுப் பொய் சொன்னால் போலீஸுக்குப் போகலாம். அரை உண்மை சொல்பவரை என்ன செய்வது?

முதலில் அந்த ஹைவே கதையைப் பார்ப்போம்.

அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்ஸி ஒவ்வொரு வண்டிக்கும் மைலேஜ் கணக்கை வெளியிடுகிறது. 2024 மேவரிக் ஹைபிரிட்: நகரத்தில் கேலனுக்கு 42 மைல், ஹைவேயில் 33. முன்சக்கரத்தால் ஓடும் பெட்ரோல் மேவரிக்: நகரத்தில் 23, ஹைவேயில் 30. நம் பாஷையில் சொன்னால், நகரத்தில் ஹைபிரிட் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் பக்கம், பெட்ரோல் 10 கிலோமீட்டர் பக்கம். ஹைவேயில் 14-க்கும் 13-க்கும் போட்டி.

சாதா பெட்ரோல் வண்டி ஹைவேயில்தான் அதிகம் கொடுக்கும். இந்த ஹைபிரிட் தலைகீழ். காரணம் எளிது. சாதா வண்டியில் பிரேக் மிதித்தால், அதுவரை பெட்ரோல் எரித்துச் சேர்த்த வேகமெல்லாம் பிரேக் கட்டையில் சூடாகிக் காற்றில் போய்விடும். ஹைபிரிட்டில் அதே மோட்டார் அந்த நேரத்தில் டைனமோவாக மாறி, அந்த வேகத்தில் ஒரு பங்கை பேட்டரியில் சேர்த்து வைக்கும். அடுத்து வண்டி நகரும்போது அதைச் செலவழிக்கும். சிக்னலில் நிற்கும்போது இன்ஜினும் சும்மா ஓடிக்கொண்டிருக்காது. ஆக, பிரேக் மிதிக்கிறவனுக்கு லாபம். மணிக்கு 70 மைலில் ஆணி அடித்த மாதிரி போகிறவனுக்கு மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

சரி, நம் பையன் எந்த ஹைவேயில் போகிறான்? ஹூஸ்டனின் கேட்டி ஃப்ரீவேயில். உலகத்தின் அகலமான சாலைகளில் ஒன்று. 2008-ல் விரித்து முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்து எண்ணினால் சில இடங்களில் 26 லேன். அவ்வளவு அகலப்படுத்தியும் ஆபீஸ் நேரத்தில் அது ஒரு நீளமான பார்க்கிங்தான்.

"உன் வீட்டில் இருந்து ஆபீஸ் எத்தனை மைல்?" என்று கேட்டேன்.

"25 மைல் மாமா."

"எவ்வளவு நேரம் ஆகுது?"

"காலைல ஒரு மணி பத்து நிமிஷம். சாயங்காலம் அதுக்கு மேலயே ஆகும்."

கால்குலேட்டரைத் தட்டினால் மணிக்கு 21 மைல் சொச்சம். இனிமேல்தான் தமாஷ். அந்த அரசு ஏஜென்ஸி லேபில் வைத்து நடத்தும் நகர ஓட்டச் சோதனையின் சராசரி வேகம் என்ன தெரியுமா? சுமார் 21 மைல். ஹைவே சோதனையின் சராசரி 48 மைல். பெயர்ப் பலகையில் 'ஃப்ரீவே' என்று எழுதியிருப்பதால் பையன் ஹைவே ஓட்டி ஆகிவிடுவானா? மைலேஜ் சீட்டில் உள்ள 'சிட்டி', 'ஹைவே' என்பவற்றை நாம் இடத்தின் பெயராக எடுத்துக்கொள்கிறோம். அவை நாம் எத்தனை தடவை பிரேக் மிதிக்கிறோம் என்பதற்கான பெயர்கள். இது அந்த விற்பனையாளருக்குத் தெரியாது என்றால் அவர் தொழிலுக்கு லாயக்கில்லை. தெரிந்துதான் சொன்னார் என்றால், நான் என்ன சொல்ல?

இப்போது கணக்கு. வருஷத்துக்கு 12,000 மைல், கேலன் 3 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஹைபிரிட் நகர ஓட்டத்தில் 286 கேலன் குடிக்கும். பெட்ரோல் வண்டி 522 கேலன். வித்தியாசம் 236 கேலன், 708 டாலர். கூடுதல் விலை 2,000 டாலர் மூன்று வருஷத்துக்குள் கைக்கு வந்துவிடுகிறது. அதே பையன் வெறிச்சோடிய ஹைவேயில் மட்டும் ஓட்டினால் வருஷத்துக்கு 36 கேலன்தான் மிச்சம், 109 டாலர். போட்ட பணம் திரும்ப 18 வருஷம். அதற்குள் வண்டி பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்கும்.

பார்த்தீர்களா? ஒரே வண்டி, ஒரே விலை. ஒருத்தனுக்கு 3 வருஷம், இன்னொருத்தனுக்கு 18 வருஷம். 'ஹைபிரிட் லாபமா நஷ்டமா' என்று பொதுவாகக் கேட்பதே தப்பு. ஆனால் அந்த 18 வருஷக் கணக்கை எடுத்து, 3 வருஷக்காரன் தலையில் கட்டுகிறார்கள். நான் சண்டைக்கு வருவது அங்கேதான்.

நானும் இதில் சூடு பட்டவன்தான். 2012-ல் ஊரே டீசல் கார் வாங்கியது. நானும் பெட்ரோல் காரைவிட ஒரு லட்சத்துக்குப் பக்கமாக அதிகம் கொடுத்து டீசல் வாங்கினேன். ஆபீஸ் வீட்டில் இருந்து 7 கிலோமீட்டர். ஆறு வருஷம் கழித்து விற்றபோது அந்த ஒரு லட்சத்தில் பாதிகூடத் திரும்பியிருக்கவில்லை. வீட்டில் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்கள், பி.காம். படித்தவர் என்று. அதனால் நான் ஹைபிரிட்டுக்குக் கொடி பிடிக்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள்.

கூடுதல் பணம் எத்தனை வருஷத்தில் திரும்பும் என்பதற்கு 'பே-பேக் பீரியட்' என்று பெயர். பி.காம். கடைசி வருஷம் மேனேஜ்மென்ட் அக்கவுன்டிங்கில் வரும். அந்த முறையின் குறைகள் என்ன என்பது வருஷம் தவறாமல் கேட்கப்படும் ஐந்து மார்க் கேள்வி. முதல் குறை: பணம் திரும்பிய பிறகு வருகிற லாபத்தை இந்த முறை கண்டுகொள்ளாது. பையன் பத்து வருஷம் வைத்து ஓட்டுகிறான் என்றால் பெட்ரோலில் 7,080 டாலர் மிச்சம். 2,000 போனாலும் 5,080 டாலர் நிற்கிறது. இரண்டாவது, விற்கும்போது ஹைபிரிட் கொஞ்சம் கூட விலை போகும். அந்த 2,000 டாலர் முழுக்கக் கரைந்துவிடும் காசு இல்லை. இதே கடையில் இன்றைக்கே பழைய ஹைபிரிட்டுக்குக் கூடக் கேட்கிறார்களே, அதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. 'போட்ட பணம் திரும்புமா?' என்று ஹைபிரிட்டை மட்டும் ஏன் நிற்க வைத்துக் கேட்கிறீர்கள்? லெதர் சீட்டுக்கு யாராவது பே-பேக் கணக்குப் போட்டிருக்கிறார்களா? கூரையில் கண்ணாடி ஜன்னல் வைக்கிறார்களே, அது எத்தனை வருஷத்தில் பணத்தைத் திருப்பித் தரும்? பெரிய அலாய் வீல்?

கேலி செய்கிறேன் என்று நினைப்பீர்கள். இல்லை. இந்த மேவரிக்கின் சொந்த ஜாதகமே இதற்குச் சாட்சி. 2021 ஜூனில் ஃபோர்டு இதை அறிமுகம் செய்தபோது ஆரம்ப விலை 19,995 டாலர். அந்த விலைக்குக் கிடைத்தது ஹைபிரிட். ஆமாம், அமெரிக்காவில் ஒரு பிக்கப் டிரக் ஹைபிரிட்டையே அடிப்படை மாடலாக வைத்து வந்தது அதுதான் முதல் தடவை. பெட்ரோல் இன்ஜின் வேண்டும் என்கிறவர்தான் 1,085 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. கூடக் காசும் கொடுத்து, கூடப் பெட்ரோலும் போட வேண்டிய வண்டி. அன்றைக்கு எந்த விற்பனையாளராவது வாடிக்கையாளர் தோளில் கை போட்டு, "இந்த 1,085 டாலர் எப்போது திரும்பும் தெரியுமா?" என்று கேட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா?

ஹைபிரிட்டுக்குக் கூட்டம் முண்டியடித்தது. 2021 நவம்பரிலேயே ஹைபிரிட் ஆர்டரை நிறுத்தினார்கள். அடுத்த வருஷத்து மாடலுக்குப் புக்கிங் திறந்து சில நாட்களிலேயே மூட வேண்டியதாயிற்று. வியாபாரிக்கு இதைவிட வேறென்ன சேதி வேண்டும்? 2024 மாடலில் பெட்ரோல் அடிப்படை ஆனது. ஹைபிரிட் 1,500 டாலர் கூடுதல் ஆனது. இன்ஜின்கள் அதே இன்ஜின்கள். விலைச் சீட்டுதான் தலைகீழாகத் திரும்பியது. அன்றைக்குத்தான் இந்த 'போட்ட பணம் திரும்புமா' கேள்வியும் பிறந்தது. 2025 மாடலில் ஹைபிரிட் மறுபடியும் அடிப்படை மாடலாகிவிட்டது. ஆனால் ஆரம்ப விலை 26,295 டாலர்.

விலை ஏறினால் வேறு கம்பெனிக்குப் போக வேண்டியதுதானே என்பீர்கள். போக இடம் வேண்டுமே. இந்த அளவில் வந்த இன்னொரு வண்டி ஹூண்டாயின் சான்டா க்ரூஸ். அதில் ஹைபிரிட் இல்லை. வெளிநாட்டுச் சின்ன டிரக்குகள் அமெரிக்காவுக்குள் வராமல் தடுத்து வைத்திருப்பது ஒரு கோழி! 1960-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரியை உயர்த்தின. பதிலுக்கு ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் 1964 முதல் இறக்குமதி டிரக்குகளுக்கு 25 சதவீத வரி போட்டார். கோழிச் சண்டை என்றோ ஓய்ந்துவிட்டது. 'கோழி வரி' மட்டும் அறுபது வருஷம் தாண்டி நிற்கிறது. மேவரிக் தயாராவது மெக்சிகோவின் எர்மோசியோவில். வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தின் தயவில்தான் அது கோழியிடம் இருந்து தப்பியது. 2025-ல் டிரம்ப் வெளிநாட்டு வண்டிகளுக்கு வரி போட்டபோது அதுவும் மாட்டிக்கொண்டது, விலை மறுபடி ஏறியது. போட்டியே இல்லாத சந்தையில், 'எங்களிடம் நிற்கிற வண்டியை எடு' என்பதுதான் ஆலோசனை என்ற பெயரில் வருகிறது.

அடுத்து, படகு.

2024 ஹைபிரிட் 2,000 பவுண்டு வரைதான் இழுக்கும், அதாவது 900 கிலோ. பெட்ரோல் வண்டியில் அதற்கான பேக்கேஜ் போட்டு வாங்கினால் 4,000 பவுண்டு. உண்மை. தொட்டியிலும் காரிலும் ஏற்றக்கூடிய எடை ஹைபிரிட்டில் 1,500 பவுண்டு, 680 கிலோ. இங்கே ஒரு சின்ன தகவல். 2005-ல் வந்த நம்ம ஊர் டாடா ஏஸ், அதான் 'குட்டி யானை', முக்கால் டன் ஏற்றும். மேவரிக்கின் நீளமோ 5 மீட்டருக்கு மேல், நம்ம இன்னோவாவைவிட நீளம். அதற்குப் பெயர் அமெரிக்காவில் 'காம்பாக்ட்'!

"உனக்குப் படகு இருக்கா?"

"இல்ல மாமா."

"வாங்கப்போறியா?"

"எனக்கு நீச்சலே தெரியாதே."

இருந்தாலும் அவன் குரலில் ஒரு சபலம் தெரிந்தது. 250 குதிரை சக்தி என்கிறார்கள், ஹைபிரிட்டில் 191-தான். நின்ற இடத்தில் இருந்து 60 மைல் வேகம் பிடிக்க, நாலு சக்கரமும் இழுக்கிற பெட்ரோல் மேவரிக்குக் கார் பத்திரிகைகள் சோதித்ததில் சுமார் 6 விநாடி. ஹைபிரிட்டுக்குச் சுமார் 8. அந்த இரண்டு விநாடியை 26 லேன் பார்க்கிங்கில் எங்கே கொண்டு போய்ச் செலவழிப்பான்? என்றைக்கோ வரப்போகிற விருந்தாளிக்காகத் தினமும் அண்டா நிறையச் சோறு வடிக்கிற குடும்பம் உண்டா? அப்படியே படகு ஆசை வந்துவிட்டால், ஒரு நாளைக்குப் பெரிய டிரக் வாடகைக்குக் கிடைக்காத ஊரா அமெரிக்கா?

பேட்டரி பயத்தையும் சொல்லிவிடுகிறேன். "பேட்டரி போச்சுன்னா தலையில துண்டுதான்" என்று பையனின் நண்பர்கள் வேறு கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இதில் இருப்பது 1.1 கிலோவாட்-ஹவர் பேட்டரி. மின்சாரக் கார்களில் உள்ளதோடு ஒப்பிட்டால் கடுகு. அதற்கு 8 வருஷம் அல்லது 1 லட்சம் மைல் வாரன்ட்டி. ஃபோர்டு ஹைபிரிட் விற்க ஆரம்பித்தது 2004-ல். எஸ்கேப் ஹைபிரிட்டை 2005-ல் இருந்து நியூயார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் டாக்ஸியாக விட்டு அடித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் சில வண்டிகள் 3 லட்சம் மைல் தாண்டின. டாக்ஸி டிரைவர் கையில் பிழைத்தது நம் கையில் பிழைக்காதா?

பயப்படுகிறவர்கள் இன்னொரு பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. பெட்ரோல் மேவரிக்கில் டர்போ உண்டு, 8 கியர் ஆட்டோமேட்டிக் உண்டு. ஹைபிரிட்டில் டர்போ கிடையாது. 'இ-சிவிடி' என்ற பெயரைக் கேட்டு, மற்ற கார்களில் தேய்ந்து படுத்தும் பெல்ட் கியர்பாக்ஸ் என்று பலர் ஓடுகிறார்கள். இதில் பெல்ட்டே இல்லை. பல்சக்கரங்களும் இரண்டு மோட்டார்களும்தான். தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. பிரேக் கட்டையும் மெதுவாகத்தான் தேயும். கெட்டுப்போக ஆள் எங்கே அதிகம்?

ஹைபிரிட் உத்தம புத்திரன் என்று சொல்லவில்லை. 2022 ஜூலையில், இதே 2.5 லிட்டர் இன்ஜின் உள்ள ஹைபிரிட் வண்டிகளைச் சுமார் 1 லட்சம் எண்ணிக்கையில் ஃபோர்டு திரும்ப அழைத்தது. மேவரிக்கும் அதில் உண்டு. இன்ஜின் உடைந்து எண்ணெய் கசிந்தால் தீப்பிடிக்கலாம் என்பது பிரச்னை. அதற்குக் கம்பெனி முதலில் செய்த வைத்தியம், ஆவி வெளியே போக ஓட்டை போட்டு விட்டது! அது போதாமல் 2023-ல் மறுபடி அழைத்தார்கள். இப்படிப்பட்ட விஷயத்தைத்தான் ஒரு நல்ல விற்பனையாளர் சொல்ல வேண்டும். "2022, 2023 ஹைபிரிட் வாங்கினால் அந்த ரீகால் வேலை முடிந்ததா என்று சீட்டைக் கேட்டு வாங்கு" என்று. நம் ஆள் அதைச் சொல்லவில்லை. படகைப் பற்றிச் சொன்னார்.

பெட்ரோல் மேவரிக் யாருக்கு என்று கேட்டால், பதில் இருக்கிறது. நிஜமாகவே டிரெய்லர் இழுக்கிறவர். மேற்கு டெக்சாஸில் காலியான சாலையில் எண்ணெய் வயலுக்குப் போய் வருகிறவர். பனி கொட்டும் ஊரில் பழைய மாடல் தேடுகிறவர். ஏனென்றால் 2024 வரை ஹைபிரிட்டில் நாலு சக்கரமும் இழுக்கும் வசதி கிடையாது. 2025 மாடலில் ஹைபிரிட்டுக்கு அதுவும் வந்துவிட்டது. பேக்கேஜ் போட்டால் 4,000 பவுண்டும் இழுக்கிறது. இவர்கள் பெட்ரோலை எடுத்தால் நான் வாயே திறக்க மாட்டேன். ஆபீஸுக்கும் மளிகைக் கடைக்கும் போய் வருகிறவனை எண்ணெய் வயல்காரனாக வேஷம் கட்டி அனுப்புவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இவ்வளவையும் ராத்திரி பன்னிரண்டு மணி வரை போனில் சொன்னேன். பையன், "யோசிச்சு முடிவு பண்றேன் மாமா" என்றான். புது வீட்டுக்காரன், 2,000 டாலர் என்றால் யோசிக்கத்தானே செய்வான்.

செவ்வாய்க்கிழமை மறுபடி போன்.

"மாமா, அந்த ஹைபிரிட் திங்கட்கிழமையே வித்துடுச்சாம்."

"யாரும் வாங்க மாட்டாங்க, பணம் திரும்பாதுன்னு சொன்னாரே?"

"அதைத்தான் நானும் கேட்டேன். சிரிக்கிறாரு. பெட்ரோல் வண்டி இன்னும் நிக்குது, 500 டாலர் குறைச்சுத் தரேங்கறாரு."

"நீ என்ன சொன்ன?"

"இன்னொரு ஹைபிரிட் வந்தா போன் பண்ணச் சொல்லி நம்பர் குடுத்துட்டு வந்துட்டேன். பண்ணுவாரா மாமா?"